பழைய நிலக்கரி–இரும்பு ஆலையின் இடிபாடுகளை ஆவணப்படுத்துவது: எதை முதலில் செய்வது?

தடமறிவான் (கேள்வி)

வணக்கம். கைவிடப்பட்டு நூறாண்டுக்கு மேலான ஒரு நிலக்கரி–இரும்பு ஆலை வளாகத்தை ஆவணப்படுத்த நில உரிமையாளரிடம் எழுத்துமூல அனுமதி வாங்கியிருக்கிறோம். மேட்டை ஒட்டி இரண்டு ஊதுலைகள் (காற்றை ஊதி இரும்புத்தாதை உருக்கும் உலைகள்). ஒன்று ஏறக்குறைய முழு உயரத்துக்கு நிற்கிறது, 11 மீட்டர் இருக்கலாம். மற்றது பாதி சரிந்து கற்குவியலாகக் கிடக்கிறது. அவற்றுக்குப் பின்னால் தாங்குசுவர், அதன் மேல் தளத்தில் நிலக்கரியைச் சுட்டுக் கோக் எரிபொருளாக்கும் ஒரு வரிசை தேன்கூடு வகை அடுப்புகள், பக்கத்தில் எஞ்சின் கூடத்தின் ஒற்றைச் சுவர், கீழே ஓடைவரை இறங்கும் கசடு மேடு (கசடு என்பது இரும்பு உருக்கும்போது பிரியும் கழிவு). மேட்டின் உச்சியில் ஒரு சுரங்கக் குழி. மூடியிருக்கிறார்களா என்று தெரியவில்லை. எல்லாவற்றின் மேலும் கொடியும் முள்ளும்.

நாங்கள் நான்கு பேர். கையில் வாடகை டோட்டல் ஸ்டேஷன் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி), 24 மெகாபிக்சல் ஃபுல்ஃபிரேம் கேமரா, 35 மி.மீ. லென்ஸ், சிறிய டிரோன். சுவர்களை நிலைப்படுத்தும் வேலை தொடங்குவதற்கு முன் முடிக்க வேண்டும். எந்த வரிசையில் போவது? எவ்வளவு துல்லியம் தேவை? கசடில் மாதிரி எடுக்க வேண்டுமா? படங்களைக் குவித்துவிட்டு, கடைசியில் பார்த்தால் அந்த ஆலை எப்படி ஓடியது என்றே சொல்ல முடியாத ஆவணமாக ஆகிவிடக் கூடாது என்பதுதான் கவலை.

மட்டக்கோல் (பதில்)

செடி வெட்டுவதிலிருந்து தொடங்காதீர்கள். இடம் இருக்கிற நிலையிலேயே முழு வளாகத்தையும் படம் எடுங்கள். கொடி எங்கே அடர்ந்திருக்கிறது, மண் எங்கே அமுங்கியிருக்கிறது, புல் எங்கே மட்டும் கருகியிருக்கிறது என்பவை அடியில் இருப்பதைக் காட்டிக் கொடுக்கும். வெட்டிய பிறகு அந்தத் தடயம் போய்விடும். வெட்டும்போதும் சுவரில் வேரூன்றிய எதையும் பிடுங்காதீர்கள். சுண்ணாம்புச் சாந்து வேரோடு பெயர்ந்து வரும், அதற்கு மேலிருக்கும் கல் தளரும். ஒரு சாண் தண்டு விட்டு அறுத்துவிட்டு, வேரை நிலைப்படுத்த வருகிறவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

அடுத்தது கட்டுப்பாட்டுப் புள்ளிகள், அதாவது எல்லா அளவுகளுக்கும் ஆதாரமான புள்ளிகள். கட்டுமான வேலை நடக்கப்போகிற எல்லைக்கு வெளியே, ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியும்படி குறைந்தது மூன்று நிலையான புள்ளிகள் வையுங்கள். பாறையிலோ பழைய கான்கிரீட்டிலோ துளையிட்டு ஆணி இறக்குங்கள். கசடு மேட்டில் ஒரு புள்ளிகூட வேண்டாம், அது இன்னும் அமுங்கிக்கொண்டிருக்கலாம். டிராவர்ஸை (புள்ளியிலிருந்து புள்ளிக்கு அளந்துகொண்டே போகும் சுற்று) தொடங்கிய புள்ளியிலேயே கொண்டுவந்து மூடி, பிழையைக் கணக்கிடுங்கள். இந்த அளவு இடத்தில் 10 மி.மீ.க்குள் மூட வேண்டும். வாடகைக் கருவியில் அடிக்கடி நேரும் தவறு பிரிசம் மாறிலி, அதாவது ஒளியைத் திருப்பியனுப்பும் பிரிசத்துக்காகக் கருவி தூரத்தில் செய்யும் திருத்தம். முன்பு எடுத்துப்போனவர் வேறு பிரிசத்துக்கு மாற்றி வைத்திருப்பார். நீங்கள் அளக்கும் ஒவ்வொரு நீளத்திலும் ஏறத்தாழ 30 மி.மீ. ஒரே அளவாகக் கூடும் அல்லது குறையும். தொடங்கும் முன் இரண்டு ஆணிகளுக்கு நடுவே டேப் பிடித்து ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

இனி உங்கள் உண்மையான கவலைக்கு வருகிறேன். இத்தகைய ஆலை, மேலிருந்து கீழே ஓடும் வேலை. தாதும் கோக்கும் சுண்ணாம்புக்கல்லும் மேல் தளத்தில் வந்து உலை வாயில் விழும். காற்று டூயர் எனும் ஊதுதுளை வழியாகக் கீழ்ப்பகுதியில் நுழையும். இரும்பு அடியில் வெளியேறும், கசடு இரும்புக்குச் சற்று மேலே வழிந்து இன்னும் தாழ்வான இடத்துக்குப் போகும். உலைகளை மேட்டை ஒட்டிக் கட்டியதே இதற்காகத்தான். ஆகவே அழகான முகப்புப் படத்தைவிட மட்டங்கள் முக்கியம். கோக் அடுப்புத் தரை, அதற்கு முன்னாலுள்ள தள்ளுவண்டித் தளம், தாங்குசுவரின் உச்சி, சரக்கேற்றும் பாலத்தின் தாங்கிகள், உலை வாய், டூயர் துளையின் மையம், உருகிய இரும்பு தேங்கும் அடிக்கலத்தின் தரை, வார்ப்புத் தளம், கசடு ஓடும் வாய்க்கால், எஞ்சின் கூடத்தில் சிலிண்டர் நின்ற மேடை: இவை எல்லாமும் ஒரே டேட்டத்தில், அதாவது ஒரே அடிமட்டத்திலிருந்து அளந்ததாக வேண்டும். இந்த எண்கள் கையில் இருந்தால், நடுவில் நிற்கும் பெயர் தெரியாத ஒரு தூண் காற்றுக்குழாயைத் தாங்கியதா, தண்டவாளத்தைத் தாங்கியதா என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும். டூயர் மட்டத்தோடு பொருந்தினால் ஒன்று, வார்ப்புத் தளத்தோடு பொருந்தினால் மற்றொன்று.

வரைபடங்களில் எதையாவது விட வேண்டி வந்தால் இதை மட்டும் விடாதீர்கள்: கோக் அடுப்பிலிருந்து தாங்குசுவர், உலை, வார்ப்புத் தளம் வழியாகக் கசடு மேட்டின் அடிவரை ஒரே நீளமான குறுக்குவெட்டு. முழு வளாகத்துக்கு 1:200, முகப்புகளுக்கு 1:50, டூயர் வளைவு, அடுப்பு வாய் போன்றவற்றுக்கு 1:20 போதும். 1:50 தாளில் 0.2 மி.மீ. கோடு தரையில் 10 மி.மீ.; 1:20இல் 4 மி.மீ. அதற்கு மேல் துல்லியம் தேடி நாளைச் செலவிடாதீர்கள்.

கொத்துவேலையில் நேர்கோடாக மேலே போகும் மூட்டு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். கற்கள் ஒன்றோடொன்று கடித்துப் பிணையாமல் வெட்டினாற்போல் நின்றால், ஒரு பக்கம் பிறகு கட்டியது. செங்கல்லால் அடைத்த வளைவு, சாரம் கட்டிய துளைகள், சாந்தின் நிறம் மாறும் வரி, எல்லாமே காலவரிசைக்குச் சாட்சி. ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்து, படத்திலும் வரைபடத்திலும் குறிப்பேட்டிலும் அதே எண்ணைப் பயன்படுத்துங்கள்.

கரிக்களம் (பதில்)

மட்டக்கோல் சொன்ன வரிசைக்கு முன்னால் ஒன்று இருக்கிறது. சுரங்கக் குழி. அதன் நிலை தெரியும்வரை அந்தப் பக்கம் யாரும் போக வேண்டாம். பழைய குழிகளை மரக்கட்டை குறுக்கே போட்டு, மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போவது வழக்கமாக இருந்தது. கட்டை மக்கியபின் மேல்மண் மட்டும் பாலம்போல் நிற்கும், புல்லும் முளைத்திருக்கும். கிண்ணம்போல் சற்றே பள்ளமான வட்டம் தெரிந்தால் அதுதான் அறிகுறி. டிரோனில் எடுங்கள், வேலி கட்டுங்கள், சுரங்கப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவியுங்கள். குழியின் மையத்தைத் தொலைவிலிருந்து பிரிசம் இல்லாத முறையில் அளந்தால் போதும்.

அடுப்பின் புகைப்பாதை, வடிகால் சுரங்கம், உலைக்கு அடியிலுள்ள காற்றுக் கால்வாய் எதிலும் தலையை நுழைக்காதீர்கள். பழைய நிலக்கரி வேலையிடங்களில் கரியமில வாயுவும் நைட்ரஜனும் சேர்ந்து ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும். அதற்கு மணம் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. நான்கு வாயுக்களைக் காட்டும் மீட்டர் இடுப்பில் இருக்கட்டும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5க்குக் கீழே போனால் வெளியேறுங்கள். குழாய்களைச் சுற்றிய வெள்ளைப் பூச்சு கல்நாராக இருக்கலாம், தொடாதீர்கள். துணைப்பொருள் எடுக்கும் கோக் சூளை பிற்காலத்தில் வைத்திருந்தார்கள் என்றால், அடர்நீலக் கறை படிந்த மண் தென்படும். அது வாயு சுத்திகரிப்பில் கழிந்த இரும்பு ஆக்சைடு, சயனைடு சேர்மங்கள் கொண்டது. மாதிரி எடுக்க ஆசைப்படாமல் இடத்தை மட்டும் வரைபடத்தில் குறியுங்கள். நிலக்கரிக் கழிவு மேட்டில் ஆவி எழுந்தாலோ தரை சூடாக இருந்தாலோ உள்ளே இன்னும் எரிகிறது. மேற்பரப்புக்கு அடியில் பொந்து இருக்கும்.

கோக் அடுப்புகளுக்கு வருகிறேன். எல்லாம் ஒன்றுபோல் தெரிவதால் ஒன்றை அளந்துவிட்டு ‘மற்றவை அப்படியே’ என்று எழுதிவிடுவார்கள். அதைச் செய்யாதீர்கள். தேன்கூடு அடுப்பு பொதுவாக 3 முதல் 4 மீட்டர் விட்டம், 2 மீட்டரை ஒட்டிய உயரம். மேலே கரி கொட்டும் துளை, முன்னே வாசல். ஒரு சுமை வேகப் பொதுவாக 48 மணி நேரம் அல்லது 72 மணி நேரம் ஆகும். ஒவ்வோர் அடுப்பிலும் நான்கு அளவு எடுங்கள்: உள் விட்டம், தரையிலிருந்து கூரை உயரம், வாசல் அகலம், பக்கத்து அடுப்பின் மையத்துக்கு உள்ள தூரம். வரிசையில் எங்காவது மையதூரம் திடீரென்று மாறினால் அங்கேதான் ஆலை விரிவாக்கப்பட்டது. தரை வாசலை நோக்கிச் சரிகிறதா என்றும் பாருங்கள். வெந்த கோக்கை இழுத்து வெளியே எடுக்க அந்தச் சரிவு. உள்சுவரின் செங்கல் கண்ணாடிபோல் உருகியிருந்தால் அது நீண்ட நாள் ஓடிய அடுப்பு. விளிம்பு கூர்மையாகவே இருந்தால் அடிக்கடி புதுப்பித்தது, அல்லது அதிகம் ஓடாதது.

தீச்செங்கல்லில் முத்திரை இருந்தால், சுவரில் இருக்கும் நிலையிலேயே அளவுகோலோடு படமெடுங்கள். தரையில் உதிர்ந்து கிடக்கும் செங்கல்லின் முத்திரை அந்தச் சுவருக்குச் சாட்சி ஆகாது.

கசடுமேடு (பதில்)

கசடு மாதிரி எடுங்கள், ஆனால் அழகாக இருப்பதைப் பொறுக்காதீர்கள். பச்சை, நீலக் கண்ணாடித் துண்டுகளைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். மேட்டின் பெரும்பகுதி வேறு எதுவாகவோ இருக்கும்.

மரக்கரியில் ஓடிய உலையின் கசடு பெரும்பாலும் பச்சை, நீலக் கண்ணாடியாக வரும். கோக்கில் கந்தகம் உண்டு. அதைப் பிடித்துக்கொள்ளச் சுண்ணாம்புக்கல் அதிகம் போட்டார்கள், அதனால் கசடு சாம்பல் நிறத்தில், கல்போல் இருக்கும். புதிதாக உடைத்து ஈரப்படுத்தினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்: வேகமாகக் குளிர்ந்தால் கோக் உலைக் கசடும் கண்ணாடியாகும். 1709இல் ஆபிரகாம் டார்பி இங்கிலாந்தின் கோல்புரூக்டேலில் கோக்கால் இரும்பு உருக்கிய பிறகும் பல இடங்களில் மரக்கரி உலைகள் நெடுங்காலம் ஓடின. உங்கள் இடத்தில் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்திருக்கலாம், மேட்டின் அடுக்குகள் அதைச் சொல்லும்.

கருப்பாக, கைக்குக் கனமாக, சொட்டுச் சொட்டாக உறைந்ததுபோல் ஒரு கசடு கிடைத்தால் கவனியுங்கள். அது ஊதுலைக் கசடு அல்ல, வார்ப்பிரும்பைக் கிளறிக் கார்பனை நீக்கித் தேனிரும்பாக்கிய பட்லிங் சூளையின் இரும்புச்சத்து மிக்க கசடாக இருக்கலாம். ஹென்றி கார்ட்டின் 1784 காப்புரிமைக்குப் பிறகு பரவிய முறை அது. அந்த ஒரு கைப்பிடி கசடு, தரைமேல் இன்று சுவடே இல்லாத ஒரு பட்டறை இருந்ததற்குச் சாட்சி. தொட்டியில் ஊற்றி உறைந்த, வாளியைக் கவிழ்த்த வடிவக் கட்டிகள் தென்பட்டால், கசடைத் தண்டவாள வண்டியில் ஏற்றிக் கொட்டிய பிற்கால நடைமுறை.

மேடு உலைப்பக்கத்திலிருந்து வெளிநோக்கி வளரும், அடுக்குகள் சாய்வாக இருக்கும். ஓடை அரித்த பக்கம் இயற்கையான வெட்டுமுகம் இருந்தால் அதைச் சுத்தப்படுத்தி, 1:20இல் வரைந்து, அடுக்குக்கு மூன்று துண்டு, முட்டியளவு எடுங்கள். ஒவ்வொன்றின் இடத்தையும் மட்டத்தோடு அளந்துவிட்டுத்தான் பையில் போட வேண்டும். பையின் உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு எண். உள்ளே போடும் சீட்டு பாலியெஸ்டர் தாளாக இருக்கட்டும். ஈரமான கசடில் சாதாரணக் காகிதம் கூழாகிவிடும். மரக்கரித் துணுக்கு கிடைத்தால் கார்பன் காலக்கணிப்புக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். 1650க்குப் பிந்தைய மாதிரிகளுக்கு அளவை ஆண்டாக மாற்றும் அளவீட்டு வளைவு தட்டையாக அலைபாய்வதால் விடை இரண்டு மூன்று நூற்றாண்டுக்குப் பரந்து வரும். எந்த மரம் என்று நுண்ணோக்கியில் பார்த்தால் அது பயன்படும்.

தடமறிவான்

மூவருக்கும் நன்றி. மேலும் மூன்று. நிற்கும் உலையின் உள்ளே அடியில் கருப்பான பெரிய கட்டி, காந்தம் ஒட்டுகிறது. நிலைப்படுத்த வருகிறவர்கள் அதை உடைத்து எடுத்துவிடலாம் என்கிறார்கள். முன்வளைவைத் தாங்கும் வார்ப்பிரும்பு உத்தரத்தில் ஏதோ எழுத்து இருக்கிறது, படிக்க முடியவில்லை. லேசர் ஸ்கேனர் வாடகைக்கு எடுப்பது அவசியமா?

கசடுமேடு

உடைக்க விடாதீர்கள். உலை கடைசியாக அணைந்தபோது வெளியேறாமல் அடிக்கலத்தில் உறைந்த இரும்பு அது. கசடு, கோக், உருகிய செங்கல் எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். உலை திட்டமிட்டு நிறுத்தப்பட்டதா, திடீரென்று கைவிடப்பட்டதா என்பதை அது சொல்லும்: முறையாக நிறுத்துபவர்கள் கடைசி உருக்கை வெளியே எடுத்துவிடுவார்கள். அதன் மேற்பரப்பு மட்டம், டூயருக்கு எவ்வளவு கீழே நிற்கிறது, சுவரோடு ஒட்டியிருக்கிறதா இடைவெளி இருக்கிறதா என்று பதிவு செய்யுங்கள். பல டன் எடை இருக்கும். உடைக்கும் அதிர்விலேயே டூயர் வளைவு விழக்கூடும். இந்தக் காரணத்தைச் சொன்னால் கட்டுமானக்காரர்களே ஒப்புக்கொள்வார்கள்.

பழஞ்சுவடி (பதில்)

உத்தரத்துக்கு: கேமராவை முக்காலியில் நிறுத்தி அசைக்காமல், விளக்கை மட்டும் நகர்த்துங்கள். மாலையில், அல்லது கருப்புத் துணி மறைப்புக்குள், விளக்கு உலோகத்தின் பரப்பை உரசினாற்போல் 10 முதல் 15 பாகைச் சாய்வில், எட்டுத் திசைகளிலிருந்து எட்டுப் படம். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்க்காதீர்கள், எழுத்தின் விளிம்பு துருவோடு போய்விடும். சுண்ணக்கட்டியால் எழுத்தை நிரப்புவதும் வேண்டாம். நீங்கள் படித்ததாக நினைப்பதைத்தான் நிரப்புவீர்கள்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. கோல்புரூக்டேல் பழைய உலையின் உத்தரங்களில் மேலே உள்ளது 1777ஐக் காட்டுகிறது. கீழுள்ள உத்தரத்தில் இன்று 1638 என்று படிக்கிறோம், ஆனால் ஒரு பழைய புகைப்படத்தில் அது 1658ஆக இருக்கிறது. ஒரே ஓர் இலக்கத்தில் உலையின் தொடக்கம் இருபது ஆண்டு நகர்கிறது. ஆகவே உங்கள் இடத்தின் பழைய படங்களையும் தேடுங்கள். உத்தரத்தின் ஆண்டு அந்த உத்தரம் வார்த்த ஆண்டுதான் என்பதையும் மறக்காதீர்கள். உலை அதற்கு முந்தியதாகவும் இருக்கலாம், உத்தரம் வேறிடத்திலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

காகிதங்களில் நில அளவை வரைபடங்கள், சுரங்க வரைபடங்கள், ஏல விளம்பரம், காப்பீட்டு வரைபடம், இருப்புப் பட்டியல் ஆகியவற்றைப் பாருங்கள். ஏலப் பட்டியலில் ஊதும் எஞ்சினின் சிலிண்டர் விட்டம் இருந்தால், எஞ்சின் கூடத்தில் நீங்கள் அளந்த போல்ட் இடைவெளியோடு உடனே ஒப்பிடலாம். பொறியாளர் வரைந்த திட்டப்படத்தை நம்பும் முன் யோசியுங்கள், அது கட்ட நினைத்தது மட்டுமே. காற்றுச் சூடேற்றும் அடுப்பின் எச்சம் இருந்தால் அதுவும் காலம் சொல்லும்: நீல்சனின் சூடான காற்றுக் காப்புரிமை 1828, இரும்புக் குழாய்களைச் சூடாக்கும் அடுப்பு அதற்குப் பிந்தியது, செங்கல் அடுக்கு நிறைந்த கௌப்பர் அடுப்பு 1857க்குப் பிந்தியது.

மட்டக்கோல்

ஸ்கேனர் இல்லாமலே முடியும். கரிக்களம் ஒருவேளை மாற்றுக் கருத்து சொல்லலாம், இருண்ட அடுப்புகளுக்குள் ஸ்கேனர் வசதிதான். ஆனால் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுத்த படங்களை மென்பொருளில் சேர்த்து முப்பரிமாண மாதிரி செய்தால், உங்களிடம் உள்ள கேமராவே வெளிமுகங்களுக்குத் தேவைக்கு மேல் நுணுக்கம் தரும். கணக்கு இது: 36 மி.மீ. சென்சாரில் 6000 பிக்சல், ஒரு பிக்சல் 6 மைக்ரான். 35 மி.மீ. லென்ஸோடு 7 மீட்டரில் நின்றால் சுவரில் ஒரு பிக்சல் 1.2 மி.மீ. ஒரு படம் 7.2 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் உயரம் பிடிக்கும். 80 சதவீத மேற்படிவுக்கு, படத்துக்குப் படம் 1.4 மீட்டர் நகருங்கள். அடுத்த வரிசைக்கு 60 சதவீத மேற்படிவு.

ஃபோகஸைப் பூட்டி டேப் ஒட்டுங்கள், எஃப் 8, ஐஎஸ்ஓ குறைவு, ரா கோப்பு. மேகமூட்டமான நாள் நல்லது. உருகிய கண்ணாடிப் பரப்பில் வெயில் பட்டால் மென்பொருள் புள்ளி பொருத்தத் தடுமாறி அங்கே ஓட்டை விழும். காற்றில் ஆடும் கொடியும் அதே தொல்லைதான். நேர்முகப் படங்கள் மட்டும் எடுத்தால் தட்டையான சுவர்கூட முப்பரிமாண மாதிரியில் கிண்ணம்போல் வளையும். ஒவ்வொரு மூன்றாவது படத்துக்கும் 25 பாகைச் சாய்வில் இன்னொன்று எடுங்கள். டிரோனுக்கும் அதே விதி. பறக்க அனுமதி தேவையா என்று முதலில் விசாரித்துவிடுங்கள்.

ஒரு முகத்துக்கு ஆறு குறியட்டை (டோட்டல் ஸ்டேஷனால் இடம் அளந்த அடையாள அட்டை). நான்கைக் கணக்கில் சேருங்கள், இரண்டைச் சரிபார்க்க வெளியே வையுங்கள். சேர்த்த நான்கில் 3 மி.மீ. பிழையும், வெளியே வைத்ததில் 20 மி.மீ.யும் காட்டினால், மாதிரி எங்கோ வளைந்திருக்கிறது, அல்லது ஓர் அட்டையை அளந்ததில் தவறு இருக்கிறது. மாதிரியைச் செய்து முடித்தபின் இதைக் கண்டுபிடித்தால் கள வேலை வீண், அன்று மாலையே குறைந்த தரத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அப்படியும் 1:20 விவரங்களைக் கையால் வரையுங்கள். பாலியெஸ்டர் படலம், 4ஹெச் பென்சில். டூயர் வளைவின் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரைபவர் கண்ணில்தான், கல்லின் எந்த முகம் வெந்து சிவந்திருக்கிறது, சிவப்பு எந்த இடத்தில் நின்று சாம்பலாகிறது, குழாய் உரசிய பள்ளம் எந்தப் பக்கம் ஆழம் என்பதெல்லாம் படும். காற்றுக்குழாய் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை அந்தப் பள்ளம் சொல்லும்.

சரிந்த உலையின் கற்குவியலை அள்ள வேண்டிவந்தால், அள்ளும் முன் மேலிருந்து ஒரு முப்பரிமாண மாதிரி, பாதியில் ஒன்று, தரை தெரிந்தபின் ஒன்று. வளைந்த முகமுள்ள தீச்செங்கற்களை மட்டும் தனியே வையுங்கள். ஒன்றின் உட்புற வளைவில் நாண் நீளமும் நடு ஆழமும் அளந்தால் உலையின் உள் ஆரம் கிடைக்கும்: நாணின் பாதியை வர்க்கமாக்கி, ஆழத்தின் இருமடங்கால் வகுத்து, ஆழத்தின் பாதியைக் கூட்டுங்கள். ஒரு செங்கல்லில் ஆழம் சில மில்லிமீட்டர்தான் வரும், அரை மில்லிமீட்டர் பிழையே ஆரத்தை வெகுவாக மாற்றும்; ஆகவே பத்துப் பதினைந்து செங்கல் அளந்து நடுமதிப்பை எடுங்கள்.

பழஞ்சுவடி

கடைசியாகக் கோப்புகள். தொழில்துறை மரபைப் பாதுகாப்பதற்கான 2003இன் நிஸ்னி தகில் சாசனம், இடத்தில் கை வைக்கும் முன்பே முழுப் பதிவு செய்து பொது ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. படங்கள் டிஃப், அறிக்கை பிடிஎஃப்-ஏ, ஆயத்தொலைகள் வெறும் சிஎஸ்வி, புள்ளிமேகம் (அளந்த முப்பரிமாணப் புள்ளிகளின் தொகுப்பு) லாஸ் வடிவில். மென்பொருளின் சொந்தக் கோப்பை மட்டும் கொடுத்தால் சில ஆண்டுகளில் திறக்காது. மூலப் படங்களையும் கட்டுப்பாட்டுப் புள்ளிப் பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள். நாளை வேறொருவர் மாதிரியை மறுபடி கட்ட அவை போதும். கோப்புப் பெயரில் அம்ச எண், தேதி, எந்தத் திசை நோக்கி எடுத்தது என்ற மூன்றும் இருக்கட்டும். காப்பகத்திடம் வடிவம், அளவு, பெயரிடும் முறை பற்றி வேலை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள், முடித்தபின் ஆயிரக்கணக்கான படங்களுக்குப் பெயர் மாற்றுவது பெரிய வேலை.